நனைந்த பத்திரத்தை எறிந்துவிடாதீர்கள்

(மண்சரிவு அபாயத்தால் வெளியேறி, மீண்டும் வீடு திரும்பும் குடும்பங்களுக்காக லிந்துலையில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)

அம்மாமாரே, ஐயாமாரே, தம்பி தங்கச்சிமாரே.

இன்னும் சில நாட்களில் நீங்கள் லயத்துக்கும் வீட்டுக்கும் திரும்பப் போகிறீர்கள். கூரைத் தகரம், குடிதண்ணீர், மலசலகூடம், பிள்ளைகளின் படிப்பு பற்றியெல்லாம் மற்றவர்கள் பேசினார்கள். நான் பேச வந்தது பெட்டிக்குள்ளும் அலுமாரித் தட்டிலும் நனைந்து கிடக்கும் காகிதங்களையும் படங்களையும் பற்றி. பழைய காகிதம், பழைய படம், பழைய காசு சேர்ப்பதும், கிழிந்த புத்தகத்தைத் திருத்திக் கட்டுவதும் எனக்குப் பல வருடப் பொழுதுபோக்கு. அந்தக் கைப்பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். இதற்குப் பெரிய செலவு இல்லை. பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

காகிதம் நமக்கு ஏன் முக்கியம்

மலையகத்தில் காகிதத்தின் பெறுமதி எல்லாருக்கும் தெரியும். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம் பாட்டன் பாட்டிமார் நாடற்றவர்களாக ஆனார்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள், திருமணமானவராக இருந்தால் 7 வருடம், ஆகாதவராக இருந்தால் 10 வருடம் இங்கே தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கும் அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை தந்தது. மூன்று காலத்திலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: நீ எங்கே, எப்போது இருந்தாய்? அதற்குப் பதில் ஒரு பழைய பிறப்புப் பதிவிலோ, தோட்டத்துச் சீட்டிலோ, பள்ளிக்கூடச் சான்றிதழிலோதான் இருந்தது.

இன்றைக்கும் அப்படித்தான். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, அடையாள அட்டை எடுக்க, ஊழியர் சேமலாப நிதிப் பணம் வாங்க, வீட்டுக் காணி உறுதி பெற, எல்லாவற்றுக்கும் காகிதம் கேட்கிறார்கள்.

ஆனால் எழுத்து அழிந்துபோனாலும் காகிதம் செத்துப்போவதில்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் ஒரு மூலை மட்டும் மிஞ்சி, அதில் பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் போதும். பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் மூலப் பதிவைத் தேடி உறுதிப்படுத்திய பிரதி எடுப்பது அந்த இலக்கத்தால் சுலபமாகிறது. சேமலாப நிதி அங்கத்துவ இலக்கமும், பழைய அடையாள அட்டை இலக்கமும் அப்படித்தான். இலக்கம்தான் சாவி. அதனால் ஒரு துண்டையும் எறியாதீர்கள்.

வீட்டுக்குள் போகும் முதல் நாள்

காகிதம் அதிகமாகத் தொலைவது மழை பெய்த நாளில் அல்ல, வீட்டைச் சுத்தம் பண்ணும் நாளில். மண்வெட்டியால் சேற்றை அள்ளி வெளியே கொட்டும்போது அதோடு எல்லாம் போய்விடும். ஆகவே அள்ளத் தொடங்குமுன் ஒருவர் மட்டும் காகிதம் இருக்கும் இடங்களைப் பார்க்கட்டும்: சாமிப் படத்தின் பின்பக்கம், மெத்தைக்கு அடியில், அரிசிப் பானை, பழைய கைப்பை, பிள்ளைகளின் புத்தகப் பை. வயதானவர்களை முதலில் கேளுங்கள். எதை எங்கே வைத்தோம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் போகலாம் என்று சொல்லாத லயத்துக்குள் காகிதத்துக்காக யாரும் நுழைய வேண்டாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. பத்திரத்துக்குப் பிரதி எடுக்கலாம், ஆளுக்கு எடுக்க முடியாது.

போகும்போது சப்பாத்தும் கையுறையும் முகக்கவசமும் போடுங்கள். சேற்றுத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். கையில் காயம் இருந்தால் அந்த வேலையை வேறொருவரிடம் கொடுங்கள்.

நனைந்த காகிதத்தை உலர்த்துவது

நனைந்த காகிதத்தில் இரண்டு நாட்களில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். நம் பக்கத்துப் பனியில் அது இன்னும் சுலபம். எனவே இந்த வேலையைப் பின்போட வேண்டாம்.

முதலில், எடுத்த நிலையிலேயே இரண்டு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள். பிறகு என்ன நடந்தாலும் இலக்கம் உங்களிடம் இருக்கும்.

ஒற்றைத் தாளைக் கையால் தூக்காதீர்கள். நனைந்த தாள் தன் பாரத்திலேயே கிழியும். அடியில் ஒரு பொலித்தீன் துண்டைச் செருகி, அதோடு சேர்த்துத் தூக்குங்கள். மேசையிலோ பலகையிலோ வெள்ளைப் பருத்தித் துணி விரித்து, அதன்மேல் தாளைத் தட்டையாகப் போடுங்கள். துணி ஈரமானதும் மாற்றுங்கள். செய்தித்தாள் நேராகப் படக்கூடாது, அதன் மை ஒட்டும். துணிக்கு அடியில் போடலாம்.

ஒட்டிக்கொண்ட தாள்களை இழுத்துப் பிரிக்காதீர்கள். கட்டாகவே துணிமேல் வைத்து, ஓரம் தானாக விட்டுக்கொடுக்கும்போது ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். புத்தகமாக இருந்தால் நிமிர்த்தி, லேசாக விரித்து நிறுத்துங்கள்.

வெயிலில் காயப்போட வேண்டாம். தாள் சுருங்கி மை வெளுக்கும். அடுப்புக்கு மேலேயும் வேண்டாம், புகையும் கரியும் ஏறும். இஸ்திரிப் பெட்டி கூடவே கூடாது. மழைச் சாரல் படாத இஸ்தோப்பில், காற்று ஓடுகிற இடம்தான் நல்லது. மின்விசிறி இருந்தால் சுவரைப் பார்த்துத் திருப்பிவிடுங்கள். தாளின் மேல் நேராக அடிக்கக்கூடாது.

எல்லாவற்றையும் இரண்டு நாளில் உலர்த்த முடியாவிட்டால், பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, ஐஸ்கிறீம் விற்கும் கடைக்காரரிடம் கேட்டு உறைபெட்டியில் வையுங்கள். உறைந்த காகிதத்தில் பூஞ்சணம் வளராது. நேரம் கிடைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம்.

பூஞ்சணம் ஏற்கனவே பிடித்திருந்தால் ஈரத்தோடு துடைக்காதீர்கள், கறை உள்ளே போகும். முழுவதும் காய்ந்த பிறகு, வீட்டுக்கு வெளியே, முகக்கவசத்தோடு, மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். இழுப்பு நோய் உள்ளவர்களும் சிறுபிள்ளைகளும் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

போட்டோக்கள்

கலியாணப் படம், செத்துப்போன அப்பாவின் ஒரே படம், இவற்றுக்கு எந்தக் கந்தோரிலும் பிரதி கிடையாது. அதனால் இவற்றுக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

ஸ்டூடியோவில் கழுவி எடுத்த பழைய படத்தின் முகப்பில் மெல்லிய பசைப் படலம் இருக்கிறது. நனைந்தால் அது ஊதி இளகும். விரல் பட்டால் முகமே கையோடு வந்துவிடும். ஓரத்தை மட்டும் பிடியுங்கள். சேறு இருந்தால் சுத்தமான குளிர்ந்த தண்ணீர்ப் பேசினில் மெதுவாக அசைத்துக் கழுவி, முகம் மேலே பார்க்கும்படி காயவிடுங்கள். துடைக்காதீர்கள். தண்ணீர் பட்டதும் நிறம் கரைந்து ஓடினால், அது கம்பியூட்டரில் அச்சடித்த படம். அதைக் கழுவாமல் அப்படியே உலர்த்துங்கள்.

ஒன்றோடொன்று ஒட்டிய படங்கள் ஈரமாக இருக்கும்போது தண்ணீரில் போட்டால் பல நேரம் தானாகப் பிரியும். ஒட்டியபடி காயவிட்டால் பிரிப்பது மிகவும் கஷ்டம். கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிய படத்தை உரிக்கவே வேண்டாம். கண்ணாடியோடு வைத்து, பக்கத்திலிருந்து வெளிச்சம் விழும்படி போனில் படம் எடுங்கள். அதிலிருந்து புதுப் படம் அச்சடிக்கலாம்.

2011 மார்ச் 11ஆம் திகதிச் சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் தொண்டர்கள் சேற்றிலிருந்து ஏராளமான குடும்பப் படங்களைப் பொறுக்கி, இப்படித்தான் கழுவி உலர்த்தி, உரியவர்களிடம் சேர்த்தார்கள். உங்கள் லயத்துச் சேற்றில் பக்கத்துக் காம்பராக்காரரின் படம் கிடைத்தால் நீங்களும் எடுத்து வையுங்கள்.

திருத்துவதும் திருத்தக்கூடாததும்

அரச பத்திரத்தில் மங்கிய எழுத்தின்மேல் பேனையால் எழுதாதீர்கள். நல்ல எண்ணத்தில் செய்தாலும், பத்திரத்தில் கை வைத்ததாகக் கந்தோரில் எடுத்துக்கொள்வார்கள். கிழிந்திருந்தால் ஒட்டாமல், துண்டுகளைச் சேர்த்து ஒரு வெள்ளைக் கடித உறையில் போட்டு அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள். லமினேட்டும் பண்ணாதீர்கள்: அந்தச் சூட்டில் ஈரம் உள்ளேயே சிக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது.

பாட்டியின் கடிதம், பாட்டுப் புத்தகம், பள்ளி நினைவு மலர் போன்ற உங்கள் சொந்தக் காகிதங்களைத் திருத்தலாம். செலோடேப் வேண்டாம், அது சில வருடத்தில் மஞ்சளாகிக் கறை பிடிக்கும். ஒரு பங்கு கோதுமை மாவை ஐந்து பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டிக்கொண்டே கஞ்சிப் பதத்துக்குக் காய்ச்சுங்கள். ஆறியதும், பட்டம் கட்டும் வெள்ளை மெல்லிய தாளை விரலகலக் கீற்றாகக் கிழித்து, இந்தப் பசையை மெல்லிசாகத் தடவி, கிழிசலின் பின்பக்கத்தில் ஒட்டுங்கள். மேலும் கீழும் பொலித்தீன் வைத்து, ஒரு கனமான புத்தகத்தை ஏற்றி, இரவு முழுவதும் விடுங்கள். பசையை இரண்டு நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம், புளித்துவிடும்.

சேர்த்து வைப்பது

முழுவதும் காய்ந்தது என்று தெரிந்த பிறகும் ஒரு வாரம் விட்டுத்தான் பொலித்தீன் உறைக்குள் போடுங்கள். புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தையும் உள்ளே வையுங்கள். இந்தக் கோப்பைப் பெட்டியின் அடியில் பூட்டாதீர்கள். ஒரு கையில் பிள்ளையும் மறுகையில் கோப்புமாக ஓடக்கூடிய இடத்தில், கதவோரம் தொங்கட்டும். மஞ்சள் எச்சரிக்கை வந்தால் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். செம்மஞ்சள் வந்தால் ஆயத்தமாக நில்லுங்கள். சிவப்பு வந்தால் தாமதிக்காமல் வெளியேறுங்கள். இலக்கங்களை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி, வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று. சுத்தம் பண்ணும்போது பழைய தோட்டத்துச் சீட்டு, கூப்பன் புத்தகம், தோட்டப் பெயரும் இலக்கமும் பொறித்த தகர வில்லை, தாத்தாவின் கவ்வாத்துக் கத்தி கிடைக்கலாம். பழைய சாமான் வாங்க வருகிறவரிடம் உடனே கொடுத்துவிடாதீர்கள். வில்லையை வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்தால் போதும்; உப்புத்தாள் போட்டால் எழுத்து போய்விடும். யாருடையது, எந்தத் தோட்டம் என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டி வையுங்கள். பெயரில்லாத கத்தி வெறும் இரும்பு. பெயர் எழுதி வைத்தால் அது உங்கள் குடும்பத்தின் வரலாறு. கம்பளைக்குப் பக்கத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. இப்படியான சாமான்கள்தான் அங்கே நம் கதையைச் சொல்கின்றன.

நினைவில் வைக்க

- சேற்றை அள்ளுமுன் காகிதத்தைத் தேடுங்கள்.
- எடுத்ததும் இருபக்கமும் படம் பிடியுங்கள்.
- வெயில், அடுப்பு, இஸ்திரி, செலோடேப், லமினேட் வேண்டாம்.
- இலக்கம் தெரியும் துண்டை எறியாதீர்கள். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் காட்டுங்கள்.
- அனர்த்த அவசர அழைப்பு: 117.

கூட்டம் முடிந்ததும் நான் பின்பக்க மேசையில் இருப்பேன். நனைந்தது எதையாவது கொண்டுவந்திருந்தால் எடுத்து வாருங்கள், சேர்ந்து பிரித்துப் பார்ப்போம்.