வெயிலிலும் மழையிலும் நிற்கும் மரம்

(மேலூரில் விவசாயிகள் கூட்டமொன்றில் நிகழ்த்திய பிரசங்கம்)



வாய்க்காலைக் கடப்பதற்கு ஒரு நடைப்பாலமும், ஊருணிக் கரையில் பெண்டிர் குடத்தை இறக்கி நிற்பதற்கு ஒரு மரத்தளமும் அமைப்பதென்று நீங்கள் தீர்மானித்து, அதற்குப் பணமும் ஒதுக்கிவிட்டு, எந்த மரத்தை வாங்குவது என்பதை மட்டும் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். உலகெங்கும் கல் அனுப்பிய மேலூர்ச் சீமையில் நின்றுகொண்டு மரத்தைப் பற்றிப் பேசுகிறானே என்று சிலர் நகைக்கலாம். கல் நல்லதே. ஆனால் கால்வாயில் தூர் வாரும் இயந்திரம் வரும்போதெல்லாம் பாலத்தைக் கழற்றி அப்பால் வைக்கவேண்டியிருக்கிறது. பாளம் பாளமான கல்லை நான்கு பேர் சேர்ந்து அசைக்கவும் இயலாது. ஆகவே நடக்கும் பலகையேனும் மரமாக இருப்பது அவசியமாகிறது.

மேசைமேல் ஒரு முறிந்த பலகை கிடப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது என் சொந்தத் தோட்டத்து வாய்க்காலின்மேல் நான் போட்ட பலகை. உயர்ந்த தேக்கு என்று சொல்லி ஒருவர் விற்றார். நானும் தேக்கின் விலையையே கொடுத்தேன். நான்காம் வருஷம் ஐப்பசி மாதத்தில், புல்லுக்கட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டு வந்த என் தமக்கையாரின் காலடியில் அது முறிந்தது. அவர் கணுக்கால் எலும்பு உடைந்து, மூன்று மாதம் கட்டிலில் இருந்தார். பலகையை எடுத்துப் பிளந்து பார்த்த பிற்பாடுதான், மேலே பூசப்பட்ட சாயத்தின் கீழ் இருந்ததில் பெரும்பாகம் வெறும் வெள்ளை என்பதை அறிந்தேன். வாங்குமுன் பிளந்து பார்க்க வேண்டியதை வாங்கியபின் பார்த்தது என் குற்றமே. இன்று நான் சொல்லப்போவதெல்லாம் அந்தக் குற்றத்திலிருந்து கற்றவை.

மரம் ஏன் கெடுகிறது? தண்ணீரால் என்று எல்லோரும் சொல்லுவோம். அது பாதி உண்மை. நம் முன்னோர் கிணறு வெட்டும்போது அடியில் நெல்லிக்கட்டையால் வட்டம் செய்து இறக்கினார்கள். எப்போதும் நீரில் மூழ்கிக் கிடக்கும் அக்கட்டை தலைமுறைகள் கடந்தும் கெடுவதில்லை. மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சக்காளானுக்கு ஈரம் வேண்டும், காற்றும் வேண்டும், வெப்பமும் வேண்டும். நீருள் காற்று இல்லை. ஆகவே அங்கே அது வாழாது. நன்கு உலர்ந்த மரத்தில், அதாவது நூற்றுக்கு இருபது பங்குக்குக் குறைவான ஈரமுள்ள மரத்தில், ஈரம் போதாமையால் வாழாது. நனைந்தும் உலர்ந்தும் மாறிமாறி இருக்கும் இடத்திலேதான் அதற்குப் பெருவாழ்வு. நட்ட கம்பம் நடுவிலோ நுனியிலோ முறியாமல் தரைமட்டத்தில் முறிவதன் காரணம் இதுவே.

நம் நிலைமையை இதனுடன் பொருத்திப் பாருங்கள். 1895-இல் பெரியாற்று அணை திறக்கப்பட்டதன் பின் அந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வைகையில் சேர்ந்து, பேரணையில் பிரிந்து, நமக்கு வருகிறது. கள்ளந்திரிக்கு மேலே இருபோகம்; கீழே நமக்கு ஒரு போகம். ஆகவே நமது வாய்க்கால் வருஷத்தில் சில மாதம் நீரும் மற்ற மாதங்கள் வெடிப்புமாக இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை மூன்று மாதத்தில் பெய்துவிட்டுப் போக, சித்திரை வெயிலில் அதே பலகை வறுபடுகிறது. இத்துடன் கறையானும் சேர்ந்துகொள்கிறது. மரத்துக்கு இதைவிடக் கடினமான பரீட்சையை ஒருவர் வேண்டுமென்றே ஏற்படுத்த முடியாது.

வேண்டுமென்றே ஏற்படுத்தியவர்களும் உண்டு. 1906-இல் டேராடூனில் நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிலையத்தார், பலவகை மரத்துண்டுகளைத் திறந்த வெளியில் பாதிப்பாதியாகப் புதைத்து, எத்தனை மாதத்தில் கெடுகின்றன என்று கணக்கெடுத்தார்கள். பிணங்களைப் புதைத்ததுபோல் வரிசையாக நிற்பதால் அந்நிலத்துக்கு மயானம் என்றே பெயர். சராசரி 120 மாதமும் அதற்கு மேலும் நின்றவை முதல் வகுப்பு. 60 முதல் 120 மாதம் வரை இரண்டாம் வகுப்பு. 60 மாதத்துக்குள் போனவை மூன்றாம் வகுப்பு. தேக்கு, சால், இருள் ஆகியவை முதல் வகுப்பில் நின்றன. மாவும் இலவும் மூன்றாம் வகுப்பு. இக்கணக்கு மண்ணில் புதைத்த மரத்துக்கு உரியது. மண்ணில் படாமல் காற்றோட்டமாக வைக்கப்பட்ட அதே மரம் இதைப்போல் பலமடங்கு காலம் நிற்கும் என்பதை மறவாதீர்கள். பின்னர் இவ்விஷயத்துக்கு வருவேன்.

மேற்படி வகுப்புகள் யாவும் மரத்தின் வைரத்துக்கே உரியன; வெள்ளைக்கு அல்ல. உயர்ந்த தேக்கானாலும் அதன் வெள்ளைப் பகுதி மாம்பலகைக்குச் சமம். உயிருள்ள மரத்தில் வெள்ளை என்பது நீரைக் கொண்டுசெல்லும், உணவைச் சேமித்துவைக்கும் பாகம். அதில் மாவுச்சத்து இருப்பதால் பூச்சி விரும்பி உண்கிறது. வயதாக ஆக உட்பாகத்தில் எண்ணெயும் துவர்ப்பும் படிந்து வைரமாகிறது. பூச்சிக்கும் காளானுக்கும் அது விஷம். தொல்காப்பியனார் புறத்தே வைரமுடையவற்றைப் புல்லென்றும், அகத்தே வைரமுடையவற்றை மரமென்றும் பிரித்து வைத்தார். இது வெறும் இலக்கணமன்று; மரக்கடைக்குப் போகும்போது நினைவில் வைக்கவேண்டிய விதி. தேக்கை வாங்கினால் நடுப்பாகத்தைத் தேடவேண்டும். பனையை வாங்கினால் ஓரத்தைத் தேடவேண்டும்.

பனையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதிர்ந்த பனையின் அடிப்பாகத்தில், வெளிப்புறத்தே உள்ள கறுத்த வைரம், கறையானுக்கும் எளிதில் இடம் கொடாது. நம் பாட்டனார் வீடுகளின் கைமரங்கள் அதற்குச் சாட்சி. உட்பாகமோ சோறு, அதை நம்பிக் கால் வைக்கலாகாது. இளம் பனையில் வைரமே இல்லை. ஆனால் பனை நமது மாநில மரம்; 2021-இல் சர்க்கார், கலெக்டரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாதென்று அறிவித்தது. ஆகவே காற்றில் விழுந்த பனையும், பழைய வீட்டைப் பிரித்தெடுத்த பனஞ்சட்டமும் கிடைத்தால் வாங்குங்கள். பாலத்துக்காகப் பனையை வெட்டவேண்டாம்.

உள்ளூரில் வேறு மரங்களும் உண்டு. இலுப்பை தேர் செய்ய எடுத்த மரம். வைரம் கனமானது, நெடுநாள் நிற்பது. ஆனால் இன்று இலுப்பைத் தோப்பு எங்கே இருக்கிறது? கருவேலும் வாகையும் வண்டிக்கும் செக்குக்கும் புகழ்பெற்றவை. உறுதியில் குறைவில்லை, வெள்ளையைச் செதுக்கி எறிந்துவிட்டால் ஓரளவு நிற்கும். வேம்பு வீட்டுக்குள் நல்லது. சீமைக்கருவேலின் வைரம் கெட்டியானது, உலரும்போது சுருங்குவதும் சொற்பம். நம் கண்மாய்களில் வளர்பவை பெரும்பாலும் விறகுக் கொம்புகளாதலால் பலகைக்கு உதவுவதில்லை. மா, சவுக்கு, தைல மரம் இவற்றை வெளிவேலைக்கு நினைக்கவே வேண்டாம்.

இனித் தேக்கு. கப்பல்தளத்துக்கு உலகமெங்கும் அதை நாடியதற்குக் காரணம், அது வெயிலில் அதிகம் வளைவதில்லை, மழையில் அதிகம் பெருப்பதில்லை, தன் எண்ணெயால் தன்னையே காத்துக்கொள்கிறது என்பதாகும். 1817-இல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலையாளத் தேக்கால் கட்டிய டிரிங்கோமலி என்னும் போர்க்கப்பல், இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. பர்மாவில் அமரபுரத்து ஏரியின்மேல் ஏறக்குறைய 1850-இல் தேக்கால் கட்டப்பட்ட ஊ பெயின் பாலம் ஒன்றேகால் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ளது. ஜனங்கள் இன்றும் அதன்மேல் நடக்கிறார்கள். ஆனால் அங்கும் கெட்டுப்போன சில கால்களை எடுத்துவிட்டுக் கான்கிரீட்டுக் கால்களை வைத்திருக்கிறார்கள். தேக்கே ஆனாலும் நீர்மட்டத்தில் நிற்கும் கால் ஒருநாள் கெடும்.

அத்தகைய தேக்கு இன்று கடையில் கிடைக்கிறதா? பர்மா 2014-இல் உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. கடைகளில் தேக்கென்று வருவதில் பெரும்பாகம் ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் தோட்டமாக வளர்த்த இளமரம். நம்மூர் வரப்புகளில் வளர்ந்ததும் அவ்வாறே. 1990களில் தேக்கு நட்டால் கோடீசுவரர் ஆகலாமென்று பல கம்பெனிகள் விளம்பரம் செய்ததை மறந்திருக்கமாட்டீர்கள். அப்பேச்சைக் கேட்டு நட்டவர்களின் மரங்களும் சந்தைக்கு வந்திருக்கின்றன. பதினைந்து இருபது வயது மரத்தில் வெள்ளை மிகுதி. உள்ள வைரமும் முதிர்ந்த மரத்தின் வைரத்துக்கு நிகராகாது. கதவு நிலைக்கு அது போதும். வாய்க்காலுக்குப் போதாது.

எனவே என் யோசனை பழைய மரம். அண்டையிலுள்ள காரைக்குடியில், பிரித்த வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களும் உத்தரங்களும் விற்பனைக்கு வருகின்றன. அந்த மாளிகைகள் பிரிக்கப்படுவதைக் காணும்போது நெஞ்சு வலிக்கிறது. எனினும் பிரித்துவிட்ட மரம் விறகாவதைவிடப் பாலமாவது மேல். அம்மரம் முதிர்ந்தது, முற்றும் உலர்ந்தது, இனி வளையவேண்டியது எதுவுமில்லை. சுவருக்குள் இருந்த உத்தரமுனைகளையும் தூணின் அடியையும் ஒரு முழம் அறுத்துத் தள்ளிவிடுங்கள். ஆணி ஒளிந்திருக்கும்; அறுப்பவர் வாளுக்கு ஆபத்து, முன்னதாகச் சொல்லிவிடவேண்டும். அது கிடையாவிடில் இருள் மரமோ சாலோ வாங்கலாம். ரயில் தண்டவாளத்தின் கீழ் கட்டையாகக் கிடந்து உழைத்தவை இவை. கனம் அதிகம், ஆணி அடிக்க இயலாது, துளையிட்டுத் திருகவேண்டும். விலை தேக்கைவிடக் குறைவு.

பட்டணத்துப் பங்களாக்களின் தோட்டத்தளங்களுக்கு ஐப்பே என்னும் பிரேசில் மரத்தைக் கொண்டுவருகிறார்கள். உறுதியில் அதற்கு இணை சிலவே. ஆனால் காடழிவதைக் கண்டு, 2024 நவம்பர் முதல் அதன் சர்வதேச வியாபாரத்துக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமென்று ஏற்பட்டிருக்கிறது. நமக்கு அது வேண்டாம்.

மலிவான மரத்தை மருந்தூட்டி நிலைக்கச் செய்யலாகாதா என்று ஒரு நண்பர் கேட்டார். செய்யலாம். 1933-இல் டேராடூனில் சொந்தி காமேசன் என்னும் நம் நாட்டு விஞ்ஞானி, தாமிரம், குரோமியம், ஆர்செனிக் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு மருந்து கண்டார். தாமிரம் காளானைக் கொல்லும், ஆர்செனிக் கறையானைக் கொல்லும், குரோமியம் இரண்டையும் மரத்தோடு பிணைத்துவிடும். உலகமெங்கும் வீட்டுப் புறத்தளங்களில் கண்ட பச்சைநிற மரம் இம்மருந்தால் வந்ததே. ஆர்செனிக் சிறிது சிறிதாகக் கசிகிறதென்று கண்டபின், அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டின் முடிவோடு வீட்டுத்தளங்களுக்கு அதை உபயோகிப்பது நிறுத்தப்பட்டது. குழந்தை தவழும், மாடு தண்ணீர் குடிக்கும் ஊருணிக் கரையில் அது ஆகாதென்பது என் அபிப்பிராயம். அவ்வித மரத்துண்டை அடுப்பில் வைப்பதோ பெருங்கேடு. முந்திரிக்கொட்டை எண்ணெயைக் கடற்கரையார் படகுக்குப் பூசுகிறார்கள். அதைப் பலகையின் முனைகளுக்கும் துளைகளுக்கும் பூசுவது நல்லது. பூசும்போது கையில் பட்டால் புண்ணாகும்.

வாங்கும்போது செய்யவேண்டியவை சில. ஈரத்துணியால் அழுத்தித் துடையுங்கள்; சாயம் பூசியிருந்தால் துணியில் பெரும்பாலும் ஏறும். என்னுடைய பலகைக்கு இந்தச் சோதனை ஒன்றே போதுமாயிருந்தது. உளியால் இரண்டிடத்தில் ஆழச் சீவிப் பாருங்கள். முனையில் வெள்ளை எத்தனை விரற்கடை என்று அளந்து, அதைக் கழித்துவிட்டுக் கன அடிக் கணக்குப் போடச் சொல்லுங்கள். சீவிய தேக்கு எண்ணெய்ப் பசையோடு தோல்போன்ற ஒரு வாசனை வீசும். பச்சை மரமானால் நிழலில் அடுக்கி வையுங்கள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு.

இனி, முன்னர் சொன்ன விஷயம். மரத்தை மண்ணில் நடவேண்டாம். கால்களுக்கு நம்மூர்க் கல்தூணையே நட்டு, அதன்மேல் மர உத்தரத்தை வைத்தால், கறையான் ஏறும் வழி கண்ணுக்குத் தெரியும். மரமும் ஈரத்தில் ஊறாது. கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தகடு. ஓரங்குலப் பலகையானால் உத்தரங்கள் ஒன்றேகால் அடிக்கு மேல் விலகலாகாது. பலகைக்கும் பலகைக்கும் கால் அங்குலம் இடைவெளி விடுங்கள். தண்ணீரும் குப்பையும் கீழே விழவேண்டும். என் பலகை முறிந்த இடம் நடுவன்று; உத்தரத்தின்மேல் சேறும் சருகும் தங்கி எப்போதும் ஈரமாயிருந்த இடமே. வெறும் இரும்பாணி துவர்ப்புள்ள மரத்தில் கறுத்துத் துருப்பிடிக்கும். துருப்பிடியாத எஃகுத் திருகாணி விலை கூடினாலும் அதையே வாங்குங்கள். பலகைகளைத் திருகால் பொருத்தினால் தூர் வாரும்போது கழற்றலாம், ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும் மாற்றலாம். ஆண்டுதோறும் நீர் திறக்குமுன் ஒருவர் கூர்மையான ஊசியால் உத்தரமுனைகளைக் குத்திப் பார்க்கட்டும். ஊசி எளிதில் இறங்கினால் அன்றே பாதையை அடைத்துவிடுங்கள்.

நீங்கள் ஒதுக்கிய பணம் பாலத்துக்கும் ஊருணித் தளத்துக்கும் ஒருங்கே நல்ல மரம் வாங்கப் போதாது. இரண்டுக்கும் மட்டமான மரம் வாங்குவதைவிட, இந்த வருஷம் பாலத்தை மட்டும் செய்யுங்கள். ஊருணியில் தற்சமயம் கற்படிகள் இருக்கின்றன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூட்டையோடு கடக்கும் வாய்க்காலில் ஒன்றும் இல்லை.

முறிந்த பலகையும், அதன் பக்கத்தில் காரைக்குடி உத்தரத்தின் ஒரு துண்டும், இருள் மரத்தின் ஒரு துண்டும் இங்கே இருக்கின்றன. உளியும் ஈரத்துணியும் கொண்டுவந்திருக்கிறேன். முன்னே வந்து சீவிப் பார்த்துவிட்டுக் கேட்கவேண்டியதைக் கேளுங்கள்.