இளைக்க வைக்கும் டப்பாக்கள்

(மதுரைக் கூட்டமொன்றில் பேசியது)



இன்று நான் பேச வந்திருப்பது சாமியைப் பற்றியல்ல, சாதியைப் பற்றியுமல்ல. வயிற்றைப் பற்றியதாகும். அதிலும், வயிற்றைக் குறைத்துத் தருகிறோம் என்று சொல்லி மடியிலிருக்கிற காசைக் குறைக்கிற மாத்திரை, மாவு, பொடி வியாபாரத்தைப் பற்றியதாகும்.

இது வேடிக்கைச் சங்கதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2026-ம் வருஷம் ஜனவரி மாதத்தில், இதே மதுரையில், 19 வயதுள்ள ஒரு கல்லூரி மாணவி, உடல் இளைக்க வெங்காரம் நல்லது என்று யூடியூப்பில் வந்த வீடியோவை நம்பி, நாட்டு மருந்துக் கடையில் அதை வாங்கிச் சாப்பிட்டு, வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு இறந்து போனார். வெங்காரம் என்பது என்ன? தெற்காவணி மூல வீதியில் தங்க வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள். நகைக்குப் பொடி வைத்து ஊதும்போது ஒட்டு நன்றாகப் பிடிப்பதற்காகச் சேர்க்கிற உப்பு அது. சாப்பாட்டில் சேர்க்க நம் நாட்டுச் சட்டத்தில் அதற்கு அனுமதியே கிடையாது. சித்த வைத்தியத்தில் சுத்தி செய்து கொடுப்பதுண்டு என்று வைத்தியர்கள் சொல்லலாம். இருக்கட்டும். வைத்தியர் ஆளைப் பார்த்துக் கொடுக்கிறார். வீடியோ போட்டவனுக்கு அந்தப் பெண்ணின் முகங்கூடத் தெரியாதே!

இப்படிப்பட்டதை ஏன் ஜனங்கள் நம்புகிறார்கள் என்றால், அதில் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பலன் இருப்பதால்தான். விஷம் உள்ளே போனால் உடம்பு அதை வாந்தியாகவும் பேதியாகவும் வெளியே தள்ளப் பார்க்கும். கூடவே நீர் போகும். ஒரு லிட்டர் நீர் போனால் தராசில் ஒரு கிலோ குறையும். காலரா கண்டவனும் இளைக்கத்தான் செய்கிறான்! ஆனால் கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். பேதி மருந்தைப் பச்சிலை என்றும் மூலிகை டீ என்றும் பெயர் வைத்து விற்பவர்களுடைய சாமர்த்தியமெல்லாம் இவ்வளவுதான்.

நிற்க, ஊருக்கு உபதேசம் செய்கிற நானும் ஏமாந்தவன்தான் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். தாயத்துக் கட்டியவனைப் பார்த்துச் சிரிக்கிற நான், நாலு வருஷத்திற்கு முன் ஒரு சிநேகிதர் பேச்சைக் கேட்டு, 3,800 ரூபாய் கொடுத்து ஒரு டப்பா மாவு வாங்கினேன். இராத்திரி சாப்பாட்டுக்குப் பதிலாக அதைக் கரைத்துக் குடிக்கச் சொன்னார்கள். ஒரு மாதத்தில் மூன்று கிலோ குறைந்தது. நானும் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். என் மனைவிதான் கேட்டார்: "ராத்திரி நாலு பரோட்டாவும் சால்னாவும் நிறுத்தினீர்களே, அதற்குக் கூலி மாவுக்கா?" எனக்குப் பதில் இல்லை. மாவை விட்டேன், பரோட்டா திரும்பியது, மூன்று கிலோவும் வட்டியோடு திரும்பியது.

இவர்களுடைய விளம்பரத்தைக் கண்டால் சாதாரணக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ உடற்கொழுப்பு கரைய வேண்டுமானால் சுமார் 7,700 கலோரி செலவாக வேண்டும். சாதாரண மனிதன் ஒரு நாளைக்குச் செலவழிப்பது சுமார் 2,000 கலோரி. பத்து நாளில் பத்து கிலோ என்கிறானே, அதற்கு 77,000 கலோரி வேண்டும். பத்து நாளும் பச்சைத் தண்ணீர் மாத்திரம் குடித்துக் கிடந்தாலும் 20,000-ஐத் தாண்டாது. மீதி எங்கிருந்து வரும்? ஐந்தாம் வகுப்புப் பையன் கண்டுபிடிக்கக்கூடிய பொய் இது.

"அதெல்லாம் இங்கிலீஷ் மருந்து, எங்களுடையது இயற்கை" என்பார்கள். குடம்புளியை எடுத்துக்கொள்வோம். மீன் குழம்புக்குப் போடுகிற அதே புளிதான். அதன் சத்தை மாத்திரையாக்கி உலகமெல்லாம் விற்கிறார்கள். 1998-ல் அமெரிக்காவில் 135 பேரை வைத்து 12 வாரம் சோதித்தார்கள். பாதிப் பேருக்குக் குடம்புளிச் சத்து; பாதிப் பேருக்கு ஒன்றுமில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. எல்லோருக்கும் ஒரே மாதிரிச் சாப்பாடு. முடிவு என்ன? புளிச் சத்துத் தின்றவர்கள் 3.2 கிலோ இளைத்தார்கள். வெற்று மாத்திரை தின்றவர்கள் 4.1 கிலோ இளைத்தார்கள்! புளியைக் குழம்போடு விட்டிருக்கலாம்.

உண்மையிலேயே வேலை செய்கிற மருந்து இல்லையா என்றால், உண்டு. அங்கேதான் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். டைநைட்ரோபீனால் என்ற வெடிமருந்துச் சரக்கை 1933-க்குப் பின் அமெரிக்காவில் இளைப்பதற்கென்று விற்றார்கள். இளைத்தார்கள், பொய்யில்லை. ஆனால் சிலருக்குக் கண்ணில் புரை விழுந்தது. சிலர் உடம்பு உள்ளேயே கொதித்துச் செத்தார்கள். 1938-ல் அது நின்றது. சிபுட்ரமின் என்ற மாத்திரை 1997-ல் வந்தது. இருதயத்திற்குக் கேடு என்று 2010-ல் மேனாடுகளிலும், 2011-ல் நம் நாட்டிலும் எடுத்தெறியப்பட்டது. எடுத்தெறிந்த அதே சரக்கை "மூலிகை" என்று விற்ற டப்பாக்களுக்குள் அமெரிக்க அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆகவே, ஒரு மூலிகை டப்பா பலன் தருகிறது என்றால் அப்போதுதான் அதிகம் பயப்பட வேண்டும்.

இப்போது செமாக்ளூடைட் என்ற ஊசி வந்திருக்கிறது. 2021-ல் வெளிவந்த சோதனையில் 68 வாரத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு எடை குறைந்தது. இதை மறுப்பது பகுத்தறிவாகாது. ஆனால் நிறுத்திய ஒரு வருஷத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அது நோய்க்கு டாக்டர் பார்த்துக் கொடுக்கிற மருந்து. கல்யாணத்திற்கு முன் போட்டுக்கொள்கிற பவுடரல்ல.

கல்யாணம் என்றதும் சொல்லுகிறேன். தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள் என்று 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்லுகிறது. ஏறக்குறைய சமம்தான். அப்படியிருக்க, விளம்பரங்களில் பெரும்பாலும் பெண்ணின் படத்தைப் போடுவானேன்? பெண் பார்க்க வருகிறவன் தொந்தியைத் தடவிக்கொண்டே "பெண் கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறதே" என்று சொல்லிவிட்டுப் போகிற நாடல்லவா இது! அந்தச் சொல்தான் இந்த வியாபாரத்திற்கு மூலதனம்.

சட்டம் இல்லாமலில்லை. 1954-ம் வருஷத்து மருந்து, மாயப் பரிகார விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் உடற்பருமனும் இருக்கிறது. அதைத் தீர்க்கும் மருந்து என்று விளம்பரம் செய்தால் முதல் குற்றத்திற்கே ஆறு மாதம் வரை சிறை. அதனால்தான் தந்திரக்காரர்கள் மருந்து என்று சொல்லுவதில்லை. உணவுத் துணைப்பொருள் என்று லைசென்ஸ் வாங்கிக்கொள்ளுகிறார்கள். அந்த லைசென்ஸ் எண் நீங்கள் இளைப்பீர்கள் என்பதற்கு அத்தாட்சியல்ல. டப்பாவின் முன்பக்கம் ஒல்லியான பெண்ணின் படம். பின்பக்கம், மருத்துவ உபயோகத்திற்கல்ல என்று பொடி எழுத்தில் இங்கிலீஷில் இருக்கும். அப்படிப் போட வேண்டுமென்பது விதி.

நான் வாங்கிய டப்பாவிலும் அது இருந்தது, நான்தான் படிக்கவில்லை. அந்தக் காலி டப்பாவைக் கொண்டுவந்து இந்த மேஜைமேல் வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் விரும்புகிறவர்கள் வந்து பார்க்கலாம்.