செஞ்சி: பல மக்கள் கண்ட தலைநகர்

(பங்கின் பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

தலைநகர் என்றதும் நமக்குச் சென்னையும் டெல்லியும் நினைவுக்கு வருகின்றன. நம் பிள்ளைகள் உரோமையையும் பாரிஸையும் பாடத்தில் படிக்கிறார்கள். ஆனால் திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் ஏறக்குறைய 28 கிலோமீட்டர் போனால், நமக்கே உரிய ஒரு பழைய தலைநகர் நிற்கிறது. விழுப்புரத்தாருக்கும் அது தொலைவன்று. அதுதான் செஞ்சி.

இன்று அதை வெறும் மலைக்கோட்டை என்றே எண்ணுகிறோம். அது எப்படி இருந்தது என்பதற்கு நம் திருச்சபையிலிருந்தே ஒரு சாட்சி உண்டு. கோவாவிலிருந்து வந்த இயேசு சபைக் குரு நிக்கோலாஸ் பிமெந்தா 1597-இல் செஞ்சியைக் கண்டார். இந்தியாவில் தாம் பார்த்தவற்றுள் இதுவே பெரிய நகரம் என்றும், போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர வேறெந்த நகரமும் இதற்கு ஈடில்லை என்றும் எழுதினார். அப்போது ஆண்டவர் கிருஷ்ணப்ப நாயக்கர். வைணவ பக்தரான அம்மன்னர், கடற்கரைப் பக்கம் தாம் புதிதாக எழுப்பிய நகரில் கிறிஸ்தவ ஆலயம் கட்டிக்கொள்ள அக்குருக்களுக்கு அனுமதி தந்தார். நன்றியோடு நினைக்க வேண்டிய செய்தி அல்லவா இது!

இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று மலைகளையும் மதிலால் பிணைத்து அமைந்தது இந்நகர். இதற்கு அடியெடுத்துக் கொடுத்தவர் ஆனந்தக் கோன் என்னும் ஆயர் குலத் தலைவர் என்பது மரபு. பின்னர் விஜயநகரப் பேரரசின் கீழ்த் தெலுங்கு நாயக்கர்கள் வந்தனர். 1649-இல் பீஜப்பூர் சுல்தானின் படை கைப்பற்றியது. 1677-இல் சிவாஜி வென்றார். அவர் மகன் இராஜாராம் மராட்டிய நாட்டை விட்டு வந்து, 1698 வரை இங்கிருந்தே அரசாண்டார். தேவனாம்பட்டினக் கோட்டையை 1690-இல் ஆங்கிலேயர் வாங்கியதும் இவரது அரசிடமிருந்துதான். பிறகு மொகலாயர், அவர்கள் அமர்த்திய புந்தேல ராஜபுத்திரர், ஆற்காட்டு நவாபு, 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர் என்று கைமாறியது.

ஒவ்வொருவரும் ஒன்றை விட்டுச் சென்றனர். வேங்கடரமணர் கோவில் நாயக்கர் காலத்தது. ஆற்காட்டு நவாபு பெயரால் சாதத்துல்லாகான் மசூதி நிற்கிறது. கல்யாண மகாலும் நெற்களஞ்சியமும் உள்ளன. அண்மையில் சிங்கவரத்தில் பாறையைக் குடைந்த அரங்கநாதர் கோவில். திருநாதர் குன்றில் 24 தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள். மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் இயங்கி வருகிறது. இவற்றை விட நம் மக்கள் நெஞ்சில் நின்றது தேசிங்கு ராஜன் கதை. 1714-இல் நவாபின் படையை எதிர்த்து மாண்ட அந்த ராஜபுத்திர இளைஞனோடு, அவன் இஸ்லாமிய நண்பன் மகபத்கானும் உயிர் கொடுத்தான். எங்கிருந்தோ வந்த அந்த இருவரையும் தம் பிள்ளைகளாக்கிப் பாடியவர்கள் நம் தமிழ்க் கிராமத்தார்.

அன்பர்களே, பெருமையை மட்டும் பேசினால் போதாது. மொகலாயர் முற்றுகை ஏறத்தாழ எட்டாண்டுகள் நீடித்தது. முற்றுகையிட்டவர்களே ஒரு கட்டத்தில் மராட்டியரால் சூழப்பட்டு உணவின்றித் தவித்தனர். படைக்கே அக்கதி என்றால், சுற்றியிருந்த குடியானவர் என்ன பாடு பட்டிருப்பர்! இத்தனை மதில் இருந்தும் எந்த அரசும் நிலைக்கவில்லை. ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் அதன் சிறப்பு மங்கியது. அங்கிருந்து பெயர்த்துச் சென்ற கல்தூண்கள் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி இன்றும் நிற்கின்றன.

2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் செஞ்சியை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. மராட்டியரின் 12 கோட்டைகளுள் ஒன்றாக அது பட்டியலில் இடம் பெற்றது. மற்றப் பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் உள்ளன. மகிழ்ச்சியே. ஆனால் செஞ்சி மராட்டியருடையது மட்டுமா? கோனார் இது எங்களுடையது எனலாம்; சமணரும் இஸ்லாமியரும் அவ்வாறே சொல்லலாம். ஒவ்வொருவர் சொல்வதும் உண்மை. ஒருவர் மட்டும் உரிமை கொண்டாடினால் அதுவே பொய்யாகிவிடும். பலர் வந்து வாழ இடம் கொடுத்ததால்தான் அது தலைநகராயிற்று.

பொன்விழாக் காணும் நம் பங்கும் பல ஊர்களிலிருந்து, பல குலங்களிலிருந்து வந்தவர்கள் கூடியதே. "இது எங்கள் ஆலயம், எங்கள் தெரு" என்று ஒரு சாரார் வேலி போட்டால் ஆலயச் சுவர் நிற்கும், பங்கு நிற்காது. ஆகவே இளைஞர்களே, மறைக்கல்விப் பிள்ளைகளை ஒருமுறை செஞ்சிக்கு அழைத்துச் செல்லுங்கள். சுவரில் பெயரைக் கிறுக்காமல், அங்கே வாழ்ந்த எல்லாருடைய கதையையும் அவர்களுக்குச் சொல்லுங்கள். அன்று நமக்கு இடம் தந்த மண்ணுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அதுவே.