மின்சாரக் கட்டணமும் ஒண்டுக்குடித்தனமும்

(சிவகங்கைக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



மின்சாரக் கட்டணம் ஏறிவிட்டதென்று எங்கே போனாலும் ஒரே புலம்பலாக இருக்கின்றது. புலம்பல் நியாயமானதுதான். 2022 செப்டம்பர் 10-ந் தேதிக்கு முன் இரண்டு மாதத்திற்கு 300 யூனிட் செலவழித்த வீடு 530 ரூபாய் கட்டியது. அந்தத் தேதி முதல் 675 ரூபாய் கட்ட நேர்ந்தது. 2024 ஜூலையில் இன்னும் ஏறிற்று. ஆனால் ஒண்டுக்குடித்தனக்காரன் படும் நஷ்டம் இதைவிடப் பெரிது. அதைக் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

ஒரு வளவிற்குள் மூன்று குடித்தனம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குடித்தனத்திற்கு இரண்டு மாதத்தில் 180 யூனிட். 2022-ம் வருஷக் கட்டணப்படி தனித்தனி மீட்டர் இருந்தால், முதல் 100 யூனிட் இலவசம். மீதி 80-க்கு யூனிட் 2 ரூபாய் 25 காசு வீதம் 180 ரூபாய். மூன்று குடித்தனத்திற்கும் சேர்த்து 540 ரூபாய்.

மூவருக்கும் ஒரே மீட்டர் என்றால் என்ன ஆகின்றது? 540 யூனிட்டிற்கும் சேர்த்து இலவசம் 100 மட்டுந்தான். 500-ஐத் தாண்டிவிட்டபடியால் அரைவிலைச் சலுகையும் போய்விடுகின்றது. 300 யூனிட்டிற்கு நாலரை ரூபாய் வீதம் 1350; அடுத்த 100-க்கு 6 ரூபாய் வீதம் 600; கடைசி 40-க்கு 8 ரூபாய் வீதம் 320. ஆக மொத்தம் 2270 ரூபாய்!

540 எங்கே? 2270 எங்கே? அதே விளக்கு, அதே விசிறி, அதே மனிதர்கள். அதிகம் செலவழிப்பவன் அதிகம் கொடுக்கட்டும் என்ற ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஏற்பாடு மூன்று ஏழைகளை ஒன்றாகக் கட்டி ஒரு பணக்காரன் என்று பெயர் வைத்துவிடுகின்றதே, இது என்ன நியாயம்? அந்த 2022-ம் வருஷக் கட்டணப்படி, செட்டிநாட்டில் காவல்காரர் ஒருவர் மட்டும் படுத்திருக்கும் மாளிகைக்கும் 100 யூனிட் இலவசம். பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து வாழும் வளவிற்கும் அதே 100!

மின்வாரியம் கடனில் இருக்கின்றதே என்று கேட்பார்கள். இருக்கட்டும். கடனைத் தாங்கும் தோளில் வைக்க வேண்டுமேயொழிய, ஒண்டியிருப்பவன் தலையில் வைக்கலாமா?

நம்மவர்களோ இதைத் தலையெழுத்து என்கிறார்கள். வீட்டுக்காரர் வாயால் சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். ரசீதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நமக்குப் பக்கத்துக் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-ல் திறக்கப்பட்டது. அதற்கு இவ்வளவு அருகில் இருந்தும் யூனிட் என்றால் என்னவென்று நமக்குத் தெரியவில்லை. ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்; அவ்வளவுதான். 75 வாட் விசிறி இரவு பத்து மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட். அறுபது நாளைக்கு 45 யூனிட். இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

ஆகவே தோழர்களே! நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது, வாரியத்தின் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பங்கை நீங்களே கணக்குப் பாருங்கள். இரண்டாவது, குடித்தனத்திற்கு ஒரு மீட்டர் வேண்டுமென்று வீட்டுக்காரரிடமும் வாரியத்திடமும் ஒன்றுசேர்ந்து கேளுங்கள். ரேஷன் கார்டு கொடுக்கும்போது அடுப்பை எண்ணத் தெரிந்த சர்க்காருக்கு, மின்சாரச் சலுகை கொடுக்கும்போது மட்டும் அடுப்பு தெரியாமல் போவானேன்? கேட்காதவனுக்குக் கணக்குச் சொல்லுவார் யாருமில்லை என்று சொல்லி என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.