சௌக்கியமும் சந்தோஷமும்

(கிளை ஒன்றின் மாதாந்தரக் கூட்டத்தில் மூத்த அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற மாதக் கூட்டம் முடிந்து காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு சர்ச்சை கிளம்பியது உங்களுக்கு நினைவிருக்கும். "நாம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வரி கட்டுகிறோம். அரசாங்கம் அதை வாரி இறைத்து ஊரைச் சந்தோஷப்படுத்துகிறது. இது என்ன நியாயம்?" என்று ஒரு நண்பர் கேட்டார். "மக்கள் சந்தோஷமாக இருப்பதற்கு இல்லாமல் வேறு எதற்காக சார் ஒரு நாட்டுக்குச் செல்வம்?" என்று ஓர் இளைஞர் திருப்பிக் கேட்டார். சத்தம் ஏறியதும் நம் செயலாளர் என்னைப் பார்த்து, "மாமா, நீங்கள் ஆயுள் முழுக்கக் கணக்கு எழுதியவர். அடுத்த மாதம் இதைப் பற்றி நீங்களே பேசிவிடுங்கள்" என்று தப்பித்துக்கொண்டார். அதனால்தான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். நம் வீட்டுக்கு யாராவது வந்தால் என்ன கேட்கிறோம்? "சௌக்கியமா?" என்று கேட்கிறோம். "சந்தோஷமா?" என்று கேட்பதில்லை. அந்தக் காலத்துக் கடிதங்களிலும் முதல் வரி க்ஷேம சமாசாரம்தான். உடம்பு நன்றாக இருக்கிறதா, சாப்பாட்டுக்குக் குறைவில்லையே, குழந்தைகள் படிக்கிறார்களா என்பதெல்லாம் சௌக்கியத்தில் அடக்கம். சந்தோஷம் அவரவர் மனசைப் பொறுத்தது. அதை விசாரிப்பதுகூட அதிகப்பிரசங்கம் என்று நம் பெரியவர்கள் நினைத்திருக்கலாம். இந்த இரண்டு வார்த்தைகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் சென்ற மாதத்துச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

சந்தோஷத்தை அரசாங்கக் கொள்கையாகவே வைத்துக்கொண்ட தேசம் நம் பக்கத்தில் இருக்கிறது. பூடானின் நான்காவது மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக் 1972ல் பதினாறு வயதில் பட்டத்துக்கு வந்தவர். நாட்டின் மொத்த உற்பத்தியைவிட மொத்த மகிழ்ச்சி முக்கியம் என்று அவர் 1970களில் சொன்ன வார்த்தை உலகம் முழுக்கப் பரவிற்று. ஐக்கிய நாடுகள் சபை 2012ல் மார்ச் 20ஆம் தேதியைச் சர்வதேச மகிழ்ச்சி தினமாக அறிவித்ததற்கும் பூடானின் முயற்சியே காரணம்.

ஆனால் 2008ல் பூடான் இயற்றிய அரசியல் சட்டத்தைப் பார்த்தால் ஒன்று தெரியும். "மக்களுக்கு மகிழ்ச்சி கொடுப்போம்" என்று அதில் வாக்களிக்கவில்லை. மகிழ்ச்சியைத் தேடிக்கொள்ளத் தேவையான சூழ்நிலைகளை உண்டாக்க அரசு பாடுபடும் என்றுதான் இருக்கிறது. அவை எவை? பத்தாம் வகுப்பு வரை இலவசக் கல்வி, அடிப்படை வைத்தியம் இலவசம், நிலப்பரப்பில் குறைந்தது 60 சதவீதம் என்றைக்கும் காடாக இருக்க வேண்டும் என்ற விதி. எல்லாமே நான் சொன்ன சௌக்கியக் கணக்கில் வருபவை. இதற்குப் பணம்? மலையிலிருந்து இறங்கும் ஆறுகள்தான். 336 மெகாவாட் சூக்கா நீர்மின் நிலையம் நம் நாட்டின் உதவியோடு கட்டப்பட்டு 1980களின் பிற்பகுதியில் ஓடத் தொடங்கியது. அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தை நாம் வாங்குகிறோம். அந்த வருமானம் அவர்கள் ஊர்ப் பள்ளிக்கூடமாகவும் ஆஸ்பத்திரியாகவும் மாறுகிறது.

பூடானை சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. நேபாளி பேசும் மக்களில் சுமார் ஒரு லட்சம் பேர் 1990களில் அந்த நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு நேபாளத்து முகாம்களில் வருஷக்கணக்கில் கிடந்தார்கள். அண்மைக் காலத்தில் படித்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறார்கள். யாருடைய மகிழ்ச்சியைக் கணக்கில் எடுத்தோம், யாரை விட்டுவிட்டோம் என்ற கேள்வி அங்கேயும் உண்டு.

இனி என் சொந்தக் கதைக்கு வருகிறேன். அது இல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனசு வராது.

1971க்கும் 1973க்கும் இடையில் நிலக்கரிச் சுரங்கங்களை அரசு தேசியமயமாக்கியது. "கரி நாட்டின் சொத்து" என்பது அன்றைய கோஷம். 1974ல் சோட்டா நாக்பூர்ப் பகுதியில், அப்போது அது பீகார், ஒரு சுரங்க நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். குடியிருப்பு, குழாயில் தண்ணீர், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் மதில் சுவருக்குள்ளே. சுவருக்கு வெளியே கிராமம். அங்கே ஒரு கிணறு. சுரங்கம் ஆழமாகப் போகப்போக அந்தக் கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது.

1983 மழைக்காலத்தில் என் பெண்ணுக்கு, அப்போது நான்கு வயது, டைஃபாய்டு ஜுரம் வந்தது. நிறுவனத்தின் ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் வைத்திருந்தார்கள். வங்காளத்து டாக்டர் ஒருவர் ராத்திரி பகல் பாராமல் பார்த்துக்கொண்டார். குழந்தை பிழைத்தது. ஒரு பைசா செலவில்லை. அந்தச் செலவுப் பட்டியல் பிறகு என் மேஜைக்கே வந்தது. "ஊழியர் நலச் செலவு" என்ற தலைப்பில் நானே கையெழுத்துப் போட்டேன்.

அதே மாதம் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாளின் பையனுக்கும் ஜுரம். அவள் எங்கள் ஆஸ்பத்திரி வாசலுக்குத்தான் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். ஊழியர் குடும்பம் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டர் தள்ளி. நான் ஐம்பது ரூபாய் கொடுத்தேன். எழுந்து போய்த் தலைமை டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விதி என்று ஒன்று இருக்கிறதே என்று சும்மா இருந்துவிட்டேன். பையன் போய்விட்டான்.

பத்து நாள் கழித்து அவள் வேலைக்கு வந்தாள். வந்ததும் என் மனைவியிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "பிட்டியா டீக் ஹை நா?" குழந்தை சௌக்கியம்தானே என்று அர்த்தம்.

நாங்கள் தோண்டிக்கொண்டிருந்த குழியில் ஒரு பகுதி அவள் மாமனார் உழுத நிலம். கரி நாட்டின் சொத்து என்றால் அவளும் நாட்டில் சேர்ந்தவள்தானே! இரண்டு குழந்தைகளுக்கும் ஒரே ஜுரம், மேலே ஒரே வானம், கீழே ஒரே கரி. நடுவில் இருந்தது ஒரு மதில்தான். சென்ற மாதம் நண்பர் "இலவசம்" என்று சொன்னபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. என் பெண் பிழைத்தது இலவசத்தில்தான். அதற்கு "நலச் செலவு" என்று கௌரவமான பெயர் இருந்ததால் எனக்கு உறுத்தவில்லை.

ஆகவே நாட்டின் செல்வத்தை மக்கள் க்ஷேமத்துக்குச் செலவிடலாமா என்று கேட்டால் அவசியம் செலவிட வேண்டும் என்பதே என் பதில். ஆனால் கணக்கு எழுதியவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வள்ளுவர் அரசுக்கு நான்கு வேலைகளைச் சொல்கிறார்: பொருள் வரும் வழியை உண்டாக்குவது, பொருளைச் சேர்ப்பது, காப்பது, வகுத்துச் செலவிடுவது. நாலாவதை நினைத்து மூன்றாவதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பசிபிக் கடலில் ஒரு தேசம் சாட்சி.

நவ்ரு என்று பெயர். மொத்தமே 21 சதுர கிலோமீட்டர். மண்ணில் பாஸ்பேட் உரம். 1968ல் சுதந்திரம் அடைந்து சுரங்கத்தைத் தம் கைக்குக் கொண்டுவந்ததும், 1970களில் தலைக்கு வருமானத்தில் உலகின் முன்வரிசையில் நின்றார்கள். வரி கிடையாது, வைத்தியமும் படிப்பும் இலவசம், சொந்த விமான சர்வீஸ், மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம். எதிர்காலத்துக்கென்று ஓர் அறக்கட்டளையும் வைத்தார்கள். ஆனால் அந்தப் பணத்தை எப்படிப் போடுவது, யார் கணக்குக் கேட்பது என்ற கட்டுப்பாடு இல்லை. 1993ல் லண்டனில் ஒரு சங்கீத நாடகத்துக்குக்கூடப் பணம் போட்டார்கள். அது சில வாரங்களில் நின்றுபோயிற்று. பாஸ்பேட் தீர்ந்தது, கடன் ஏறிற்று, 2004ல் 52 மாடியும் விலைபோனது. தீவில் ஐந்தில் நான்கு பங்கு தோண்டிப் போட்ட கல்லும் கரடுமாகக் கிடக்கிறது. உலகிலேயே நீரிழிவு மிக அதிகமாக உள்ள நாடுகளில் அதுவும் ஒன்று. சந்தோஷத்துக்குச் செலவழித்தார்கள்; சௌக்கியம் மிஞ்சவில்லை.

இதற்கு நேர் எதிர் நார்வே. 1968ல் ஃபாரூக் அல் காசிம் என்ற இராக் தேசத்து நிலவியல் நிபுணர் பாஸ்ராவில் நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டு அங்கே போனார். மனைவி நார்வேக்காரர். மூளை முடக்குவாதத்தோடு பிறந்த தன் மகனுக்கு அங்கேதான் நல்ல சிகிச்சை கிடைக்கும் என்பதற்காகப் போனார். எண்ணெய் கிடைக்காத ஊரில் எனக்கு என்ன வேலை கிடைக்கும் என்ற கவலையோடு போனவர் அவர். 1969ல் வடகடலில் பெரும் எண்ணெய் வயல் அகப்பட்டது. எண்ணெய் வளத்தை நாட்டின் நன்மைக்காக நிர்வகிக்கும் ஏற்பாடுகளை வகுத்தவர்களில் அந்தத் தகப்பனாரும் ஒருவர். ஒரு குழந்தைக்கு வைத்தியம் பார்த்த தேசத்துக்கு எவ்வளவு பெரிய பிரதிபலன் பாருங்கள்!

பிறகு 1990ல் நார்வே ஒரு சட்டம் செய்து, எண்ணெய் வருமானத்தைத் தனி நிதியில் போட ஏற்பாடு செய்தது. 1996ல் முதல் தொகை போடப்பட்டது. மூலதனத்தைத் தொடக்கூடாது, அதன் வருவாய் அளவுக்குத்தான் வருஷத்துக்கு எடுக்கலாம் என்று 2001ல் விதி வந்தது. அப்போது 4 சதவீதம். 2017ல் அதையும் 3 சதவீதமாகக் குறைத்துக்கொண்டார்கள். அந்த நிதி இன்று ஒரு லட்சம் கோடி டாலருக்கும் மேல். ஜனத்தொகையோ சுமார் 55 லட்சம். இது நமக்குப் புரியாத விஷயமே இல்லை. நம் சங்கத்தின் கல்வி நிதி எப்படி நடக்கிறது? வைப்புத்தொகையைத் தொடாமல் வட்டியிலிருந்துதானே மாணவர்களுக்கு உதவுகிறோம்? இன்னும் பிறக்காத குழந்தைக்கும் அதில் பங்கு உண்டு என்று நினைப்பதால்தானே?

நம் தேசத்திலும் விழிப்பு வந்திருக்கிறது. 2014ல் கோவா வழக்கில், இரும்புத்தாது விற்பனைத் தொகையில் 10 சதவீதத்தை வருங்காலச் சந்ததிக்காக நிரந்தர நிதியில் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015ல் கனிமச் சட்டத்தைத் திருத்தி, சுரங்கம் உள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு கனிம அறக்கட்டளை வேண்டும் என்று வைத்தார்கள். பழைய குத்தகைக்காரர் ராயல்டிக்கு மேல் அதில் 30 சதவீதம் அளவுக்கும், ஏலத்தில் எடுத்தவர் 10 சதவீதம் அளவுக்கும் கட்ட வேண்டும். குடிநீர், வைத்தியம், படிப்பு போன்றவற்றுக்குக் குறைந்தது 60 சதவீதம் என்று அப்போதைய விதி. சட்டம் நல்ல சட்டம். பல்லாயிரம் கோடி சேர்ந்திருக்கிறது. ஆனால் பல மாவட்டங்களில் பணம் செலவாகாமல் தூங்குகிறது. செலவானாலும் கட்டடமாகவும் ரோடாகவும் போகிறது என்ற புகார் ஓயவில்லை. அந்தச் சட்டம் 1983ல் இருந்து, ஒழுங்காகவும் நடந்திருந்தால், அந்த அம்மாள் நாற்பது கிலோமீட்டர் போக வேண்டியிருந்திருக்காது.

அதனால் எந்த அரசு எதைக் கொடுத்தாலும் நான் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, ஒரு மனிதன் தனியாகத் தீர்த்துக்கொள்ள முடியாத கஷ்டத்தை இது தீர்க்கிறதா? தண்ணீரும் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் இதில் தேறும். தேர்தலுக்கு முன்னால் வரும் சாமான்களில் பல தேறாது. இரண்டு, இது வருவாயிலிருந்து வருகிறதா, அல்லது பேரன் பேத்தியின் பங்கைத் தின்கிறோமா? மூன்று, செலவுக் கணக்கைச் சாதாரண ஜனங்கள் பார்க்க முடியுமா? மூன்றுக்கும் திருப்தியான பதில் கிடைத்தால் தாராளமாகச் செலவிடட்டும். "நம் வரிப்பணம்" என்று மட்டும் கோபப்பட வேண்டாம். பாத்திரம் தேய்க்கிற அம்மாளும் சோப்பு வாங்கும்போது வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

கடைசியாக ஒன்று. எழுபது வயது நிறைந்த எல்லாருக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், வருஷத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டை மத்திய அரசு 2024 அக்டோபரில் கொண்டுவந்தது. அந்த அட்டை வாங்க நானும் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு காய்கறி வண்டிக்காரர். எனக்குப் பின்னால் ஓய்வுபெற்ற இன்ஜினியர் ஒருவர். ஒரே வரிசை. வாசலில் யாரும் "நீ எந்தக் குடும்பம்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பவில்லை.

அங்கே நிற்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இந்த வரிசை நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கிராமத்தில் இருந்திருக்கக் கூடாதா என்றுதான் நினைத்துக்கொண்டேன். சந்தோஷத்தை அவரவர் தேடிக்கொள்வார்கள். சௌக்கியத்துக்கு மட்டும் மதில் சுவர் வேண்டாம். அதற்குச் செலவாகும் பணம்தான் ஒரு நாட்டுக்கு நல்ல செலவு.

 எல்லாரும் க்ஷேமமாக இருக்க வேண்டும்.