புயலுக்கு அடியில் மிதவைகள்



புயல் வருகிறதென்றால் கப்பல்கள் விலகி ஓடும். 2004 ஆகஸ்ட் கடைசியில் சிலர் அதன் முன்னால் போய்க் கருவிகளைப் போட்டுவிட்டு வந்தார்கள். கரீபியன் தீவுகளுக்கு வடக்கே, அட்லாண்டிக்கில், 'பிரான்சிஸ்' சூறாவளி நகர்ந்துகொண்டிருந்தது. அமெரிக்க விமானப்படையின் சி-130 விமானம் அதன் பாதைக்குக் குறுக்கே, பாராசூட் கட்டிய மிதவைகளை வரிசையாக இறக்கியது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டாம் சான்போர்டு, எரிக் டி'அசாரோ ஆகியோர் இந்த ஆய்வின் முக்கியப் புள்ளிகள்.

மிதவைகளில் இரண்டு வகை. ஒன்று, தானாகவே ஆழத்துக்கு இறங்கி ஏறும். பூமியின் காந்தப் புலத்துக்குள் உப்புநீர் ஓடினால் துளி மின்னழுத்தம் பிறக்கும். அதை அளந்து நீரோட்டத்தின் வேகத்தைச் சொல்லிவிடும். மற்றது எனக்கு மிகவும் பிடித்தது. சுற்றியுள்ள நீரின் அடர்த்திக்கே தன்னைச் சரிசெய்துகொண்டு, கொந்தளிப்பு இழுத்த இழுப்புக்கெல்லாம் போகும். அது ஏறி இறங்கும் வேகம்தான் கொந்தளிப்பின் அளவு! அளந்த விவரங்கள் செயற்கைக்கோள் வழியே கரைக்கு வந்துவிடும்.

கிடைத்தது என்ன? புயலுக்குச் சாப்பாடு கடலின் மேல்மட்டச் சூடு. ஆனால் புயலே கடலைக் கலக்கி, அடியிலுள்ள குளிர்நீரை மேலே கொண்டுவந்துவிடுகிறது. பிரான்சிஸ் கடந்த பாதையின் வலப்பக்கத்தில் கடலின் மேற்பரப்பு 2 டிகிரிக்கும் மேல் குளிர்ந்தது. காற்று உறிஞ்சிய வெப்பத்தைவிட, இந்தக் கலக்கலுக்கே அதில் பெரும்பங்கு.

அதென்ன வலப்பக்கம்? வட அரைக்கோளத்தில், பூமி சுழல்வதால் நீரோட்டம் வலஞ்சுழியாகத் திரும்பும். புயலின் வலப்பக்கத்தில் காற்றின் திசையும் அப்படியே திரும்புகிறது. ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளுவதுபோல, காற்று நீரோட்டத்துக்கு மேலும் மேலும் வேகம் ஏற்றுகிறது. வேகம் கூடினால் கலக்கலும் கூடும். இடப்பக்கத்தில் காற்று எதிர்த்திசையில் திரும்புவதால் அந்த அளவுக்குக் கலங்காது.

புயல் எங்கே போகும் என்று கணிப்பதில் நாம் வெகுதூரம் முன்னேறிவிட்டோம். எவ்வளவு வலுக்கும் என்பதில்தான் இன்னும் தடுமாற்றம். கடலின் கலக்கலைச் சரியாகக் கணக்கில் கொண்டுவராமல் அது தீராது.

வங்கக் கடலில் இன்னொரு சிக்கல். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் லேசானது. உப்புநீர்மேல் படலமாகப் படர்ந்து கிடக்கும். அதைத் துளைத்துக் கீழே கலக்குவது காற்றுக்குக் கடினம். ஆகவே கடல் குறைவாகவே குளிரும். புயலுக்குச் சாப்பாடு தொடர்ந்து கிடைக்கும். தென்மேற்குப் பருவமழை முடிந்து அந்த நன்னீர் பரவிக் கிடக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் நம் கரைக்கும் புயல் காலம்.