விற்றது யந்திரமா?

(பொல்பிட்டியவில் தேயிலைச் சிறுதோட்டக்காரரும் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



செயற்கை நுண்ணறிவு யந்திரத்துக்கு மாதந்தோறும் பணம் கட்டினால், அதுவே விளம்பரம் எழுதி, படம் வரைந்து, வாங்குவோரைத் தேடிப் பிடித்து நம் தேயிலையை விற்றுத் தரும் என்று இளைஞர்களிடம் கூறப்படுகிறது. அது வேண்டாமென்று சொல்ல நாம் வரவில்லை. வழக்குமன்றத்தில் வாதாடிப் பழகியவர்களாதலின் ஒன்றே கேட்கிறோம்: சாட்சியம் எங்கே?

இவ்வூர் மின்நிலையம் 1969 இல் இயங்கத் தொடங்கியது. பிறந்த மின்சாரம் எவ்வளவென்பதை மானி காட்டிவிடும். விளம்பரத் துறையிலோ விளம்பர இடத்தை விற்கும் கம்பெனியே மானியையும் தன் கையில் வைத்திருக்கிறது! “விளம்பரத்தைக் கண்ட நூறு பேர் வாங்கினர்” என்று அது கணக்கு எழுதும். விளம்பரம் இல்லாதிருந்தாலும் வாங்கியிருப்போர் அந்நூறு பேரில் எத்தனை பேர்? வாதியே நீதிபதியாக அமர்ந்த வழக்கு இது.

அமெரிக்காவின் ஈபே நிறுவனம் இதனைச் சோதித்துப் பார்த்தது. தன் பெயரையே தேடி வருவோருக்குக் காட்டிய விளம்பரத்தைச் சில தேடற் பக்கங்களில் 2012 இல் நிறுத்தியது. வந்தோர் தொகை குறையவில்லை என்றே கூறலாம்; கட்டணமில்லாத இணைப்பின் வழியே அவர்கள் வந்து சேர்ந்தனர். அந்நிறுவனத்தை அதிகம் அறியாதவரிடத்தே மட்டும் விளம்பரம் பயன் தந்தது. நம்மை எவரும் அறியார். ஆதலின் நமக்குப் பயன் இருக்கவுங்கூடும்.

ஆனால் எவருக்குப் பயன்? நம் நாட்டுத் தேயிலையின் பெரும்பகுதி 1883 இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தின் வழியே விற்பனையாகிறது. 2020 முதல் அவ்வேலமும் மின்வழியாயிற்று. அங்கே வாங்குவோன் விளம்பரத்தைப் பார்ப்பதில்லை; தேநீரைச் சுவைத்தே விலை கூறுகிறான். தொழிற்சாலை பச்சைக் கொழுந்துக்குத் தரும் விலையும் ஏல விலையை ஒட்டியதே. கொழுந்தை மட்டும் கொடுப்பவன் விளம்பரத்துக்குப் பணம் கட்டுவது, அடுத்தவன் வயலுக்கு நீர் இறைப்பதாகும். தானே பொதி செய்து விற்பவனுக்கே இந்த யந்திரம். அவனுக்கும் நிச்சயமான இலாபம், அரபு மொழியிலோ ரஷ்ய மொழியிலோ கடிதம் எழுதும் செலவு குறைவதே.

இன்னொன்று. ஏர் கனடா விமான நிறுவனத்தின் உரையாடல் யந்திரம் பயணி ஒருவருக்குக் கட்டணச் சலுகையைப் பற்றிப் பிழையாகச் சொல்லிற்று. யந்திரத்தின் சொல்லுக்குத் தாம் பொறுப்பல்லர் என்று நிறுவனத்தார் வாதித்தனர். 2024 இல் கனடாத் தீர்ப்பாயம் அதனை ஏற்காது நட்டஈடு கட்டவைத்தது. நாலாயிரம் அடிக்கு மேல் விளைவதே உயர்நிலத் தேயிலை. தாழ விளைந்த இலைக்கு யந்திரம் அப்பெயரை எழுதிவிட்டால், கூண்டில் நிற்பது யந்திரமா?

தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக வர்த்தமானியில் ஏறியதே 2021 இலேதான். அத்தகைய வீடுகளின் சேமிப்பையன்றோ இதற்குக் கேட்கிறார்கள்! ஆகவே, கட்டுமுன் சோதியுங்கள். உங்களிடம் வாங்குவோர் உள்ள ஊர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் இரண்டு மாதம் விளம்பரம் அனுப்புங்கள். இரு பாதியிலும் விற்ற பொதிகளை உங்கள் பற்றுச்சீட்டைக் கொண்டே எண்ணுங்கள். கூடுதலாக விற்ற பொதிகளின் இலாபம் கட்டணத்தை விஞ்சினால் மூன்றாம் மாதமும் கட்டுங்கள். விஞ்சாவிடில் நிறுத்துங்கள். கணக்குப் புத்தகம் மட்டும் உங்கள் சங்கத்திடமே இருக்கட்டும்.